நாலு மணி நேரத் தூரம்

திருவனந்தபுரத்தில் யாரையாவது நிறுத்தி, துபாய் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதில் கிலோமீட்டரில் வராது. 'நாலு மணிக்கூர்' என்பார்கள், அதாவது நாலு மணி நேரம். பக்கத்திலிருக்கும் கொல்லத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள்கூடக் கடல் தாண்டிய ஊர் என்றால் கடிகாரத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

இது விமானம் வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம் இல்லை. நாம் மைல்கல் என்று சொல்வதை மலையாளத்தில் நாழிகக்கல்லு என்கிறார்கள். நாழிகை என்பது 24 நிமிடம், காலத்தின் அளவு. அதைக் கல்லில் பொறித்துச் சாலையோரத்தில் நட்டுவிட்டார்கள். தமிழிலும் 'நாழிகை வழி' என்று ஒரு சொல் இருந்தது. ஒரு நாழிகை நேரம் நடந்தால் எவ்வளவு போகலாமோ அவ்வளவு தூரம். இங்கிலீஷ்காரன் மைல் வந்ததும் நாம் கல்லின் பெயரை மாற்றிக்கொண்டோம், அவர்கள் மாற்றவில்லை. மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல் வந்தால் மைல்கல் என்று எழுதிவிட்டு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை. நடந்தவனின் களைப்பு அதில் விட்டுப்போகிறது.

கிலோமீட்டரில்தான் சொல்லியாக வேண்டும் என்றால், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் துபாய் விமான நிலையத்துக்கும் இடையே ஏறக்குறைய 2,950 கி.மீ. இது நேர்கோட்டுத் தூரம் என்பது பேச்சுக்குத்தான். உருண்டையின் மேல் நேர்கோடு கிடையாது. ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் அது படியும் வழிதான் மிகக் குறுகிய வழி. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளப்பது, பக்கத்து ஊர்களுக்குப் பரவாயில்லை. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே அதை வைத்து அளந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அதே நூலைத் திருவனந்தபுரத்தில் ஊன்றி மற்ற திசைகளில் இழுத்துப் பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. கொழும்பு 360 கி.மீ. சென்னை 615 கி.மீ. மாலத்தீவின் தலைநகர் மாலே 605 கி.மீ. அதாவது நடுக்கடலில் இருக்கும் வெளிநாட்டுத் தலைநகர் ஒன்று சென்னையைவிட இந்த ஊருக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிறது. மாலத்தீவுக்காரர்கள் வைத்தியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் திருவனந்தபுரத்தை இரண்டாவது ஊர்போல வைத்துக்கொண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை. நம் நாட்டுத் தலைநகர் தில்லி 2,235 கி.மீ. தில்லி போகிற விமானத்தில் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கப் பொறுமை இருந்தால் அதே பொழுதில் துபாய்க்கே போய்விடலாம். கிழக்கே சிங்கப்பூர் 3,100 கி.மீ. ஆக மேற்கே துபாய், கிழக்கே சிங்கப்பூர் என்ற இரண்டு பெரிய சந்திப்புகளுக்கும் ஏறத்தாழ நட்டநடுவில் இந்தக் கடலோர ஓடுபாதை இருக்கிறது. வரைபடத்தில் இந்தியாவின் கோடியில் தொங்குகிற ஊர் என்று தில்லியில் இருப்பவர்கள் நினைப்பது அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் கோளாறு.

தூரம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும் என்று பள்ளிக்கூடக் கணக்கு சொல்லும். இந்த வழித்தடத்தில் ஓடும் சாதாரண ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கி.மீ. வேகத்தில் போகும். 2,950-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்றரை மணி சொச்சம். ஆனால் அட்டவணையில் 4 மணி 10 நிமிடம் போல இருக்கும். மீதி நேரம், தரையில் ஊர்வதற்கும் மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும். புறப்படும் ஊரில் சக்கரத்து முட்டுக்கட்டையை எடுப்பதிலிருந்து சேரும் ஊரில் முட்டுக்கட்டை கொடுப்பது வரை உள்ள நேரத்தைத்தான் விமான நிறுவனங்கள் பயண நேரமாகக் கணக்கு வைக்கின்றன. வேகத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது எவ்வளவு வீண் என்பதற்குத் திருவனந்தபுரத்திலேயே ஓர் உதாரணம் நின்றது. பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம், மணிக்கு 1,900 கி.மீ. பறக்க வல்லது, 2025 ஜூன் 14 அன்று எரிபொருள் குறைந்து இங்கே இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு. 38 நாள் நின்றுவிட்டு ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. அதற்குள் ஊர்க்காரர்கள் அதற்கு ரேஷன் கார்டு கொடுக்காத குறைதான்.

போக 4 மணி 10 நிமிடம் என்றால் வர 3 மணி 50 நிமிடம் போல ஆகும். தூரம் மாறவில்லை, காற்று மாறுகிறது. குளிர்காலத்தில் அரேபியாவுக்கும் வட இந்தியாவுக்கும் மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடுகிறது. ஊருக்குத் திரும்புகிறவனை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. பிழைக்கப் போகிறவனை எதிர்த்து நிற்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் காற்று வடக்கே விலகிவிடும். தீபகற்பத்துக்கு மேலே கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் வேறொரு காற்று எழும். அதை 1958-ல் விவரித்து உலகுக்குச் சொன்னவர் நம் நாட்டு வானிலை விஞ்ஞானி பி. கோட்டீஸ்வரம். ஆனால் அது வலுவாக வீசுவது 14 முதல் 16 கி.மீ. உயரத்தில். பயணிகள் விமானம் 10, 12 கி.மீ. உயரத்தோடு நின்றுவிடும் என்பதால் அதன் ஓரத்துத் தள்ளல் மட்டும் கிடைக்கும்.

காற்றைவிடப் பெரிய ஏமாற்று கடிகாரம். துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. காலை 5 மணிக்குப் புறப்படும் விமானம் 7.10-க்குச் சேராது, 9.10-க்கும் சேராது, டிக்கெட்டில் 7.40 என்று இருக்கும். இரண்டே முக்கால் மணி நேரம்கூட இல்லையே என்று தோன்றும். திரும்பும்போது இரவு 10 மணிக்குக் கிளம்பினால் சேரும் நேரம் அதிகாலை 3.20. இப்போது ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று தோன்றும். முதன்முதலாகப் போகிறவர்களின் வீட்டில் இந்தக் கணக்கு ஒரு நாள் முழுக்க ஓடும். போய்ச் சேர்ந்து போன் செய்யவில்லையே என்று ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கவலைப்பட ஆரம்பிக்கும் தாய்மார்கள் குமரி மாவட்டத்திலும் உண்டு. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழர்களுக்கும் பக்கத்து விமான நிலையம் இதுதான். 1956 நவம்பர் 1 அன்று எல்லையை மாற்றிப் போட்டார்கள், ஓடுபாதையை மாற்றவில்லை.

இந்த நாலு மணி நேரம் சும்மா வந்துவிடவில்லை. 1932-ல் திருவிதாங்கூரில் விமான நிலையம் வேண்டும் என்று முனைந்து நின்றவர் கோதவர்ம ராஜா. 1935 அக்டோபர் இறுதியில் டாடா நிறுவனத்தின் சின்னஞ்சிறிய ஃபாக்ஸ் மாத் விமானம் பம்பாயிலிருந்து வந்து இறங்கியது. ஓட்டியவர் நெவில் வின்ட்சென்ட். சித்திரைத் திருநாள் மகாராஜாவுக்கு வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய பிறந்த நாள் வாழ்த்து அதில் வந்தது. நவம்பர் 1 அன்று திரும்பும்போது திருவிதாங்கூரின் அஞ்சல் தபாலை ஏற்றிக்கொண்டு போனது. அதுவரை அந்தத் தபாலைச் சலங்கை கட்டிய கோலோடு ஓடிச் சுமந்தவன் அஞ்சலோட்டக்காரன். பம்பாய் 1,250 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 150 கி.மீ. சொச்சம். வழியில் கண்ணூரிலும் கோவாவிலும் இறங்கி இளைப்பாற வேண்டும்.

வளைகுடா யுகம் தொடங்கியபோது சாமானியனின் பாதை மறுபடியும் பம்பாய் வழியாகத்தான். வயதானவர்கள் இன்றும் அந்த நாடுகள் எல்லாவற்றையும் சேர்த்து 'பேர்ஷியா' என்பார்கள். கொங்கண் ரயில் பாதை முழுமையாகத் திறந்தது 1998-ல். அதற்கு முன் பம்பாய் போகும் ரயில் பாலக்காடு தாண்டித் தமிழகம், ஆந்திரம், கர்நாடகம் என்று சுற்றி இரண்டு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அங்கே விசாவுக்காக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருப்பு. அதன் பிறகே விமானம். எஸ்.ஏ. ஜமீல் 1977-ல் பாடிய துபாய்க் கடிதப் பாட்டு, அங்கேயிருக்கும் கணவனுக்கு மனைவி எழுதுவதாக அமைந்தது, மலபாரில் வீடு வீடாக ஒலித்ததற்குக் காரணம் இந்த நீண்ட தூரம்தான். நாலு பெருநகரங்களுக்கு வெளியே முதலாவதாக 1991-ல் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையம் ஆனது. நேரடி விமானங்கள் பெருகின. பம்பாய் பாதையிலிருந்து கழன்றுகொண்டது. மலையாளிகளின் புலம்பெயர்வை ஆராயத் திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-ல் கணக்கெடுத்தபோது வெளிநாடுகளில் இருந்த கேரளத்தவர் சுமார் 13.6 லட்சம். 2023-ல் எடுத்த கணக்கில் 22 லட்சம். பெரும் பங்கு வளைகுடாவில்.

ஆகவே நாலு மணி நேரம் என்பது சரியான பதில் என்று விட்டுவிடலாமா? யாருக்கு நாலு மணி நேரம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவனுக்குத் துபாயிலிருந்து வீட்டின் தூரம் இரண்டு ஆண்டு. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டால் அதைவிட அதிகம்.

2020 மார்ச் 22 அன்று சர்வதேச விமானங்கள் நின்றபோது, அந்த நாலு மணி நேரம் ஒன்றரை மாதமாக நீண்டது. மீட்பு விமானங்கள் மே 7 அன்றுதான் கேரளத்துக்கு வர ஆரம்பித்தன. ஈரானில் மீன்பிடிப் படகுகளில் வேலை பார்த்தவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களில் பலர் குமரி மாவட்டத்துக்காரர்கள். ஜூன் 25 அன்று பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அவர்கள் கடந்த வழி நெவில் வின்ட்சென்டுக்கும் முந்தைய காலத்து வழி.

வான்வெளி மூடினாலும் இதே கதை. 2025 ஜூன் 23 இரவு கத்தார் தன் வான்வெளியை மூடியபோது வளைகுடா நோக்கிக் கிளம்பிய விமானங்கள் சில பாதியில் திரும்பின. சில வேறு ஊரில் இறங்கின. யுத்தம், கொள்ளைநோய் என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் நடப்பதுதான் அதிகம் உறுத்துகிறது.

2024 மே மாதம் மஸ்கட்டில் வேலை பார்த்துவந்த ஒருவர் உடல்நலம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்த மனைவி மே 8 அன்று புறப்பட டிக்கெட் எடுத்தார். மஸ்கட் 2,600 கி.மீ., மூன்றரை மணி நேரம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் கூட்டமாக நோய் விடுப்பில் போயிருந்தார்கள். விமானம் ரத்து. மறுநாளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் ரத்து. மே 9 அன்று நிர்வாகத்துக்கும் பணியாளர்களுக்கும் சமரசம் ஏற்பட்டது என்றாலும் அட்டவணை சீராகச் சில நாட்கள் பிடித்தன. மே 13 அன்று கணவர் இறந்தார். உடல்தான் வந்தது. பணியாளர்களின் குறைகள் நியாயமானவையாக இருக்கலாம், நிர்வாகத்தின் வாதமும் இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் ஓர் இடம் வாங்கிக் கொடுக்க வேண்டிய கடமை யாருடையது என்பதற்கு எந்தத் தரப்பும் பதில் சொல்லவில்லை.

அவரே ஏன் வாங்கவில்லை என்று கேட்கலாம். இங்கேதான் இந்தத் தூரத்தின் உண்மையான அளவுகோல் வருகிறது. விமானக் கட்டணம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று விதிக்கப்படுவதில்லை. இருக்கைகள் தீரத் தீர, நாள் நெருங்க நெருங்க ஏறுகிறது. நிறுவனங்களின் தர்க்கம் எளிது: கடைசி நேரத்தில் டிக்கெட் கேட்பவன் கம்பெனிச் செலவில் போகும் அதிகாரியாக இருப்பான், எவ்வளவு சொன்னாலும் கொடுப்பான். அந்தத் தர்க்கம் அடையாளம் காணத் தெரியாத இன்னொருவனும் கடைசி நேரத்தில்தான் டிக்கெட் கேட்கிறான். அவன் வீட்டில் சாவு. சர்ஜா வெயிலில் செங்கல் சுமக்கிறவனும் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்றால் கம்பெனி அதிகாரியின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்தால் மலிவாகக் கிடைக்கும் என்று அவனுக்கு அறிவுரை சொல்ல முடியாது.

ஓணம், ரமலான், பள்ளி விடுமுறை என்று வந்தால் எல்லோருக்குமே விலை ஏறும். நாடாளுமன்றத்தில் கேரளத்து உறுப்பினர்கள் வருஷம் தவறாமல் எழுப்பும் பிரச்சினை இது. கட்டணத்தில் அரசு தலையிடுவதில்லை என்பது வருஷம் தவறாமல் வரும் பதில். அரசு தலையிடாதது கட்டணத்தில் மட்டும்தான். இருக்கைகளின் எண்ணிக்கையை அரசுகளே பேசி வைத்துக்கொள்கின்றன. துபாயோடு 2014-ல் ஒப்புக்கொண்ட அளவு, ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்குச் சுமார் 65,000 இருக்கை, இந்தியா முழுவதற்கும் சேர்த்து. இந்திய நிறுவனங்களைக் காப்பாற்ற இது தேவை என்று ஒரு வாதம் உண்டு. அதில் சாரம் இல்லாமல் இல்லை. அந்தப் பாதுகாப்பின் செலவு யார் பையிலிருந்து போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் வாதம் முழுமையாகும்.

சவப்பெட்டி விஷயத்தில் ஒரு மாற்றம் வந்தது. வளைகுடாவில் இறந்தவர்களின் உடல் விமானத்தில் சரக்காகத்தான் வரும். ஏர் இந்தியா பல காலம் அதைத் தராசில் ஏற்றிக் கிலோவுக்கு இவ்வளவு என்று வசூலித்தது. புலம்பெயர்ந்தவர்களின் சங்கங்கள் விடாமல் கேட்டதன் பிறகு 2019 ஜனவரியில் எடை பார்ப்பது நின்றது. நாட்டுக்கு நாடு ஒரே நிலையான கட்டணம் என்று ஆயிற்று. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு இலவச ஆம்புலன்ஸ் விடும் திட்டத்தை நோர்க்கா, கேரள அரசின் வெளிநாடு வாழ் மலையாளிகளுக்கான அமைப்பு, நடத்துகிறது. இறந்தவனுக்கு நிலையான கட்டணம் உண்டு. அவனைப் பார்க்க வருகிற தம்பிக்குக் கிடையாது.

இது செய்ய முடியாத காரியம் இல்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் சில விமான நிறுவனங்கள், குடும்பத்தில் சாவு என்றால் கடைசி நேரத்திலும் சலுகைக் கட்டணம் கொடுக்கின்றன. ஏர் கனடா, டெல்டா போன்றவை லாபம் பார்க்கிற கம்பெனிகள்தான், தர்ம சத்திரம் இல்லை. நம் ரயில்வேயில் அவசர ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு. அதில் மந்திரிகளின் சிபாரிசுக் கடிதம் முந்திக்கொள்கிறது என்பது ஊரறிந்த விஷயம். என்றாலும் அப்படி ஓர் இடம் இருக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. சுமார் 180 பேர் உட்காரும் வளைகுடா விமானத்தில் இரண்டு இருக்கையைப் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு வரை சாதாரணக் கட்டணத்தில் நிறுத்தி வைக்கலாம். ஆஸ்பத்திரிச் சீட்டோ தூதரகத்தின் கடிதமோ காட்டுகிறவருக்குக் கொடுக்கலாம். யாரும் வராவிட்டால் காத்திருப்போர் பட்டியலுக்கு விற்றுவிடலாம், அதுவும் ஏறிய விலைக்கே.

அட்டவணை குலைந்துவிடும், உலக நடைமுறைக்கு ஒத்துவராது என்று விமான நிறுவனத்தார் சொல்லக்கூடும். அவர்கள் பறந்து இறங்கும் திருவனந்தபுரம் ஓடுபாதையில் பங்குனியிலும் ஐப்பசியிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை பத்மநாபசுவாமி ஆராட்டுக்குப் போகிறார். வாளேந்தித் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் முன்னே நடக்க, யானையும் வாத்தியமுமாக ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போய் நீராடிவிட்டு அதே வழியில் தீவட்டி வெளிச்சத்தில் திரும்பும். விமான நிலையம் அமைவதற்கு எத்தனையோ காலம் முன்பே இருந்த பாதை அது. மாலை நாலு மணியிலிருந்து ஐந்து மணி நேரம் போல ஓடுபாதையை மூடிவிடுகிறார்கள். விமானிகளுக்கு முன்னதாகவே அறிவிப்புப் போகிறது, எல்லா நாட்டு நிறுவனங்களும் தத்தம் நேரத்தைத் தள்ளிவைத்துக்கொள்கின்றன. 2021 அக்டோபரில் நிலையத்தின் நிர்வாகம் அரசிடமிருந்து அதானி குழுமத்துக்குக் கை மாறிய பிறகும் இந்த ஏற்பாட்டில் மாற்றம் இல்லை. ஐந்து மணி நேரத்தை அட்டவணையில் வருஷத்துக்கு இரண்டு முறை ஒதுக்கத் தெரிந்தவர்களிடம்தான் விமானத்துக்கு இரண்டு இருக்கை கேட்கிறோம்.